தண்ணீர் சொல்லுதல்

அக்டோபர் 14. மட்டம் 8.4 அடி.

அலுவலகப் பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டம் ஓர் அங்குல அகலம்தான் இருக்கிறது. 'மழை இல்லை', 'ஷட்டர்கள் சரி' என்பதற்கு மேல் அதில் எதுவும் பிடிக்காது. கூட ஒரு வரி எழுதிவிட்டால் உதவிப் பொறியாளர் மேடம் சிவப்பு மையில் சுழித்து வைக்கிறார். அதனால் இந்த நோட்டை எடுத்தேன். முன்பாதி ஏற்கெனவே எழுதப்பட்டது, பின்பாதி சும்மா கிடந்தது. யாருடைய நோட்டு என்பது இங்கே தேவையில்லாத பேச்சு.

நான் செங்கழனி ஏரியின் லஸ்கர். கரையைக் காவல் காப்பது, மட்டம் பார்ப்பது, ஷட்டரை ஏற்றி இறக்குவது என் வேலை. முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது, வரும் மே மாதம் ஓய்வு. பெயர் தெய்வசிகாமணி. ஊரில் பாதிப்பேருக்கு அது தெரியாது, எல்லோருக்கும் நான் லஸ்கர்தான்.

பதினான்கு அடி வந்தால் ஏரி நிறைந்தது என்று கணக்கு. பதிமூன்றரையிலேயே ஏழு ஷட்டரில் சிலவற்றைத் தூக்கச் சொல்லி உத்தரவு வரும். அந்தத் தண்ணீர் உபரி வாய்க்காலில் பதினோரு கிலோமீட்டர் ஓடி, சோலைத்திட்டுக் குப்பத்தின் பின்பக்கமாகப் போய்க் கடலில் விழும்.

என் மனைவி மங்கை இன்று இரண்டு பாட்டில் மாங்காய் ஊறுகாய் போட்டாள். இருப்பது இரண்டு பேர், நமக்கு எதற்கு இரண்டு பாட்டில் என்று கேட்டேன். காது கேட்காதவள் மாதிரி மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 19. 9.1 அடி.

ஷட்டர்களுக்கு கிரீஸ் போட்டேன். மூன்றாம் நம்பர் திருகு வழக்கம்போல முரண்டு பிடிக்கிறது. அதற்கும் எனக்கும் ஒரே வயது இருக்கும்.

பிறகு ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வாய்க்கால் ஓரமாகச் சைக்கிளில் போனேன். என் பொறுப்பு நான்காம் கிலோமீட்டர் ஓடைப்பாலம் வரைதான். அதற்குக் கீழே எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பத்தாம் கிலோமீட்டர் வரை போனேன். வேலையில் அக்கறை உள்ளவன் எல்லை பார்ப்பதில்லை. அங்கிருந்து குப்பத்தின் முதல் வரிசை வீடுகள் தெரியும். மூன்றாவது வீட்டுக் கொடியில் ஒரு பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. போன வருடத் தீபாவளிக்குக் கடலூரில் நான் எடுத்த புடவை. கரையில் அரக்குக் கட்டம் போட்டிருக்கும்.

ஆகாயத்தாமரை அதிகம் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அக்டோபர் 23. 9.5 அடி.

மேடம் இந்த வருடம் புதிதாக வந்தவர். 'தண்ணீர் சொல்லுதல்' என்றால் என்ன என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கோடையில் வாய்க்காலில் தண்ணீர் ஓடாது. அப்போது கடல் மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடும். ஆள் உயரத்துக்கு மணல்திட்டு எழும்பி, வாய்க்கால் தனியாக, கடல் தனியாக நிற்கும். ஏரி நிறைந்து ஷட்டரைத் தூக்கும் முன், குப்பத்து ஆட்கள் கடல் வற்றும் நேரம் பார்த்துத் திட்டை வெட்டி வழி விட வேண்டும். வெட்டாமல் தண்ணீர் போனால் திட்டில் முட்டிக் குப்பத்துக்குள் ஏறும். வெட்டிவிட்டு ஏரித் தண்ணீர் வராமல் போனால் கடல் உள்ளே நுழையும். முன்பு ஒரு தடவை யாரோ போனில் சொன்ன பேச்சைக் கேட்டு வெட்டிவிட்டார்கள். ஏரி திறக்கவில்லை. இரண்டு வருடம் குப்பத்துக் கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்தது.

அதிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார்கள். லஸ்கர் ஒரு செம்பில் ஏரித் தண்ணீர் எடுத்துக்கொண்டு நேரில் வர வேண்டும். குப்பத்துத் தலைவரான நாட்டார் வீட்டு வாசலில் நின்று, 'நாட்டாரே, ஏரித் தண்ணி வருது, வழி விடுங்க' என்று மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் செம்பை வாங்கி உள்ளே ஊற்றிக்கொண்டு, காலிச் செம்பில் இரண்டு மடவை மீன் போட்டுக் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் மண்வெட்டியை எடுப்பார்கள். வேறு யார் என்ன சொன்னாலும் எடுக்க மாட்டார்கள்.

"இந்தக் காலத்துலயும் செம்பா?" என்று சிரித்தார் மேடம்.

இருபத்தெட்டு முறை நான் தண்ணீர் சொல்லியிருக்கிறேன். அதில் கடைசி பதினோரு முறை, செம்பு தளும்பாமல் பிடித்துக்கொண்டு சைக்கிள் கேரியரில் ஒரு ஆள் உட்கார்ந்து வந்தது. ஒன்பது வயதில் ஆரம்பித்த பழக்கம். ஏரி விலாங்கு எங்கே போய் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாம். வாய்க்கால் போகும் வழியெல்லாம் காட்டுகிறேன் வா என்று நான்தான் கூட்டிப்போனேன். வழியைக் காட்டியது நான். அந்த வழியே போய் நாட்டார் மகனைக் கட்டிக்கொண்டது அவள்.

பெயரையும் எழுதிவிடுகிறேன். சுகந்தி. விலங்கியல் படித்தவள். மார்ச்சில் பதிவுத் திருமணம். இந்த நோட்டு அவளுடையது.

அக்டோபர் 28. 9.9 அடி.

நாட்டார் மாசிலாமணி ஏரிக்கரைக்கே வந்துவிட்டார். மகன் கஜேந்திரன் வண்டியை மரத்தடியில் நிறுத்திவிட்டு அங்கேயே நின்றான். கிட்டே வரப் பயம் இருக்கட்டும்.

"சம்பந்தி," என்று ஆரம்பித்தார். முப்பது வருடமாக லஸ்கரே என்று கூப்பிட்ட மனுசன். "தலதீவாளி வருது. பொண்ணு ஒண்ணும் கேக்கல, நாந்தான் மனசு கேக்காம வந்தன். நீங்க ஒரு வார்த்த சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பி வைக்கறன். ஏழு மாசம் வேற. ஒரு நேரம் ஆத்தா கையால சாப்ட்டுட்டு வந்துடட்டும்."

"ஷட்டர் பக்கம் வெளியாளுங்க வரக்கூடாது. போர்டு இருக்கு," என்றேன்.

அவர் போர்டைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே படித்தார். பிறகு கையிலிருந்த பையைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "மீனு கொஞ்சம் இருக்கு," என்று சொல்லிப் போய்விட்டார். போகும்போது அந்தப் பையன் தூரத்திலிருந்தே கும்பிட்டான். நான் மட்டக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனை நாய் இழுத்தது. நான் விரட்டவில்லை.

எங்கள் தெருவில் என் தம்பி பேசுவதில்லை, பங்காளிகள் கல்யாண ஓலை வைப்பதில்லை. டீக்கடையில் நான் போனால் மீன் விலை பற்றிப் பேச்செடுக்கிறார்கள். 'லஸ்கரு தண்ணி சொல்லப் போயி பொண்ணையே குடுத்துட்டு வந்துட்டாரு' என்று ஒருவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். இதையெல்லாம் மாசிலாமணி வந்து வாங்கிக்கொள்வாரா?

அக்டோபர் 31. 10.2 அடி.

தீபாவளி. மங்கை அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

நவம்பர் 6. 11.6 அடி.

மேற்கே நல்ல மழை. ஒரு நாளில் அரையடி ஏறுகிறது. ஊறுகாய் பாட்டில் ஒன்று அலமாரியில் இல்லை. மங்கை பேருந்தில் போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். கேட்டதற்கு மறைக்கவில்லை.

"கால் வீங்கிக் கெடக்கு அவளுக்கு. அப்பா எப்டி இருக்காருன்னு கேட்டா. மாத்திர ஒழுங்கா போடறாரான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"போடறது இல்லன்னு சொன்னன்." சட்டியைக் கழுவிக்கொண்டே பேசினாள். "இன்னும் பத்து நாள்ல தண்ணி சொல்லப் போவணும் இல்ல? நீதான போவணும்? அப்ப அவ வந்துதான செம்ப வாங்குவா? அப்ப மூஞ்சிய எங்க வச்சிக்குவ?"

இதை நான் யோசிக்காமல் இல்லை. ஐப்பசி பிறந்ததிலிருந்து வேறெதையும் யோசிக்கவில்லை. குப்பம் முழுக்கக் கூடி நிற்கும். அந்த மனுசன் வாசலில் நான் நின்று 'வழி விடுங்க' என்று மூன்று தடவை கேட்க வேண்டும். அவர் எல்லோர் முன்னாலும் 'வாங்க சம்பந்தி' என்பார். அதோடு முடிந்தது, அது ஊருக்குத் தெரிந்த உறவாகிவிடும்.

நவம்பர் 11. 12.7 அடி.

'உபரிநீர் திறக்கப்படலாம், தாழ்வான பகுதி மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இந்த சீசனில் இது நான்காவது முறை. ஒவ்வொரு முறையும் மழை நின்றுபோய்த் திறக்கவில்லை. இனி அதை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாம் நம்பருக்கு மறுபடி கிரீஸ் போட்டேன்.

நவம்பர் 14. 13.2 அடி.

"குப்பத்துக்குச் சொல்லிட்டீங்களா?" என்று மேடம் போன் செய்தார். நாளைக் காலையில் போகிறேன் என்றேன். மங்கை என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறாள். செம்பையும் புளிபோட்டுத் தேய்த்து வைத்திருக்கிறாள்.

நவம்பர் 15. 13.6 அடி. பௌர்ணமி.

காலை எட்டு மணிக்கு மதகடியில் செம்பை நிறைத்துக்கொண்டு கிளம்பினேன். கேரியரில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஹாண்டில் பாரில் பையோடு மாட்டினேன், தளும்பிக்கொண்டே வந்தது. ஓடைப்பாலத்தில் இறங்கி டீயும் போண்டாவும் சாப்பிட்டேன். போண்டாவில் உப்பு இல்லை. கடைக்காரர், "என்னா லஸ்கரே, வெள்ளச் சட்டையெல்லாம் போட்டுகினு, சம்பந்தி வூட்டுக்கா?" என்று கேட்டார். கடையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.

செம்பைப் பாலத்துக்குக் கீழே ஊற்றினேன். அதுவும் அதே வாய்க்கால்தான். எப்படியும் அங்கே போய்த்தானே சேரும்.

பத்து மணிக்கு மேடம் போன். பன்னிரண்டுக்கு மூன்று ஷட்டர் தூக்க உத்தரவு.

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு மேடம்."

வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. கிராம அலுவலர் இருக்கிறார். எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. ஒரு கிழட்டு லஸ்கர் செம்பு தூக்கி வந்தால்தான் தண்ணீர் வருவது தெரியும் என்றால் அது என்ன நாகரிகம்? மேடம் சிரித்ததில் தப்பே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு, மூன்று, நான்காம் நம்பர் தூக்கப்பட்டன. மூன்றாம் நம்பர் இன்று முரண்டு பிடிக்கவே இல்லை. மங்கை செம்பை எட்டிப் பார்த்தாள். "மீனு எங்க?" என்று கேட்டாள். கடலுக்கு யாரும் போகவில்லையாம் என்றேன்.

நவம்பர் 16. 13.1 அடி.

மழை இல்லை.

நவம்பர் 17. 12.9 அடி.

ஷட்டர் மூன்றும் இறக்கப்பட்டன.

நவம்பர் 20. 12.8 அடி.

எழுதித்தான் ஆக வேண்டும்.

தண்ணீர் நான்கு மணிக்குக் குப்பத்தை எட்டியிருக்கிறது. அதற்குள் பௌர்ணமிக் கடலும் ஏற ஆரம்பித்துவிட்டது. திட்டு வெட்டவில்லை. ஐந்து மணிக்கு முதல் வரிசை வீடுகளில் இடுப்பளவு. பெண்களையும் குழந்தைகளையும் படகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். சுகந்தியையும்தான். அவளை ஏற்றிவிட்டுவிட்டு கஜேந்திரனும் இன்னும் நான்கு பேரும் மண்வெட்டியோடு திட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்.

வற்றும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டிய திட்டு அது. முதுகுக்குப் பின்னால் தலையளவு தண்ணீரை வைத்துக்கொண்டு வெட்டக் கூடாது. ஒரு முழம் வெட்டியதும் மொத்தமும் ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டது. நான்கு பேர் நீந்தி ஏறிவிட்டார்கள். கஜேந்திரன் கிடைத்தது பதினேழாம் தேதி காலை, தெற்கே இரண்டு ஊர் தள்ளி.

நான் போனேன். கூட்டத்துக்குப் பின்னால், வலைகள் குவித்திருந்த இடத்தில் நின்றேன். சுகந்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். பச்சைப் புடவை. தண்ணீரில் நனைந்ததில் சாயம் இறங்கியிருந்தது. மங்கை அவளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் இருவருமே பார்க்கவில்லை.

இருபத்து நான்கு வயது என் மகளுக்கு. நான் தாலியறுத்தேன். இதை வேறெப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 25. 12.4 அடி.

குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரணை. அதிகாரி ஒருவர் வந்திருந்தார். மேடம் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பாவம், என் வார்த்தையை நம்பியதுதான் அவர் செய்த குற்றம். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். இதை இப்போது எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை, ஆனால் முடிவு செய்திருந்தேன்.

முதலில் நாட்டாரைக் கேட்டார்கள். லஸ்கர் முறைப்படி வந்து சொன்னாரா?

மாசிலாமணி எழுந்து நின்றார். ஒரு வாரத்தில் பத்து வருடம் கூடியிருந்தது. "வந்தாரு," என்றார். "ஒம்பது மணிக்கு வந்து சொன்னாரு. செம்பு குடுத்தாரு. நாங்கதான் அசட்டையா இருந்துட்டம்."

பின்னால் இருந்த இளவட்டங்கள் ஒன்றிரண்டு பேர் முனகினார்கள். அவர் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். அப்புறம் என்னைக் கேட்டார்கள். நாட்டார் சொன்னது சரிதானா?

நான் தலையை ஆட்டினேன். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு மேலே அவருடைய கையெழுத்து. குப்பத்தின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்வரை நேரம் இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர் கிட்டே போனேன். என்ன சொல்லப் போனேன் என்று தெரியாது. அவரே பேசினார்.

"ஒமக்காக இல்ல லஸ்கரே. அந்தப் பொண்ணுக்குப் புருசனும் போயி, அப்பன் ஜெயிலுக்கும் போவணுமா? பொறக்கற புள்ளகிட்ட நாங்க என்னன்னு சொல்றது? ஒன் தாத்தன்தான் ஒங்கப்பன..." துண்டை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

சம்பந்தி என்று கூப்பிடவில்லை. அதைத்தானே நான் வேண்டாம் என்று இருந்தேன்.

நவம்பர் 29. 12.1 அடி.

மங்கை கிளம்பிவிட்டாள். பிரசவம் வரை அங்கேயே இருக்கப்போகிறாளாம், அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை. மிச்சம் இருந்த ஊறுகாய் பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அன்னிக்கு மீனு எங்கன்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும்," என்றாள். "ஒரு போன் போட்டிருப்பன். ஒன்னய நம்பலாமா வேணாமான்னு நின்னுட்டன்."

நோட்டின் முன்பாதியைப் புரட்டினேன். சுகந்தியின் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். 'விலாங்கு ஏரி, குளங்களில் வளர்கிறது. முட்டையிட ஆறு, வாய்க்கால் வழியே கடலுக்குப் போகிறது. போன தாய் திரும்புவதில்லை. குஞ்சுகள் மட்டும் அதே வழியில் நன்னீருக்குத் திரும்பும்.' பக்கத்தில் சின்னதாக ஒரு வாய்க்கால் படம் வரைந்து, ஒரு முனையில் 'ஏரி', மறுமுனையில் 'கடல்' என்று எழுதியிருந்தாள். நடுவில் ஒரு சைக்கிள்.

சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும் போட்டேன்.

டிசம்பர் 12. 13.5 அடி.

மறுபடி நிறைந்துவிட்டது. வாய்க்காலில் ஓட்டம் நின்று மூன்று வாரம் ஆனதில் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தைத் திரும்ப மூடியிருக்கிறது. வேறு லஸ்கரை அனுப்பட்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன்.

விடிந்ததும் செம்பை நிறைத்துக்கொண்டு நடந்தேன். சைக்கிளில் தளும்பும். பதினோரு கிலோமீட்டரும் கையிலேயே பிடித்துக்கொண்டு போனேன். ஓடைப்பாலத்து டீக்கடையில் யாரும் எதுவும் பேசவில்லை. குப்பத்து முதல் வரிசைச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு அப்படியே இருக்கிறது.

நாட்டார் வீட்டு வாசலில் நின்றேன். குரல் கொடுத்தேன்.

"நாட்டாரே, ஏரித் தண்ணி வருது, வழி விடுங்க."

ஆட்கள் கூடினார்கள். யாரும் என்னை ஏசவில்லை. ஏசினால் தேவலாம் என்றிருந்தது. மூன்றாம் தடவை சொல்லி முடித்ததும் மாசிலாமணி உள்ளிருந்து வந்தார். மண்வெட்டிகளை எடுக்கச் சொல்லிக் கை காட்டிவிட்டுத் திட்டை நோக்கி நடந்தார். என்னைப் பார்க்கவில்லை.

செம்பை வாங்க சுகந்தி வந்தாள். நிறைமாசம். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினாள். மங்கை உள்ளேயே நின்றாள். செம்பை வாங்கி, அதற்குள் பார்த்தாள். ஒரு சொட்டுகூடத் தளும்பாமல் கழுத்துவரை இருந்தது.

"நான் பின்னாடி ஒக்காந்து வரலன்னா ஒனக்கு வழி தெரியாதாப்பா?" என்று கேட்டாள்.

கோபமாகக் கேட்கவில்லை. ஒன்பது வயதில் விலாங்கைப் பற்றிக் கேட்டாளே, அதே மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். செம்பை உள்ளே கொண்டுபோய் ஊற்றினாள். காலிச் செம்பில் இரண்டு மடவையைப் போட்டு, முறைப்படி, வலது கையால் கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு மூன்று ஷட்டர் தூக்கினேன். மீனைச் சுத்தம் செய்யத் தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன். பதிவேட்டில் இன்றைய தேதிக்கு நேரே, 'குறிப்பு' கட்டத்தில், 'குப்பத்துக்கு நேரில் சொல்லப்பட்டது' என்று எழுதினேன். கட்டத்தில் சரியாகப் பிடித்தது. ஒரு பக்கம் முன்னால் புரட்டினால் நவம்பர் பதினைந்துக்கு நேரேயும் அதே வார்த்தைகள், அதே மையில், என் கையெழுத்தில் இருக்கின்றன.